பெயர் மாறினாலும் போகாத பழைய பெயர்

ஆட்கள், குழுக்கள் போன்றவற்றின் விவரங்களைப் பதிவுகளாகச் சர்வரில் வைத்திருக்கும் எல்டேப் டைரக்டரியில் ஒரு பதிவின் பெயரை மாற்றுவதற்கென்றே எல்டேப்மாட்ஆர்டிஎன் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. ஆனால் அதை இயக்கினால் புதிய பெயர் வருமே ஒழிய, பழைய பெயர் ஒழியாது. சிறிய ‘ஆர்’ என்னும் தெரிவைச் சேர்க்காவிட்டால், சிஎன் என்னும் பெயர்ப் பண்பின் புதிய மதிப்பு, பதிவின் முழு முகவரி போன்ற டிஎன்னில் ஏறிக்கொள்ள, பழைய மதிப்பும் அதே பதிவுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். பெயரை மாற்றச் சொல்பவர் பழையதையும் வைத்துக்கொள்ளவே விரும்புவார் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ! கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்துவிடுவதால், பழைய பெயரில் யாராவது தேடி அதே ஆள் வந்து நிற்கும் வரை விஷயம் வெளியே தெரிவதில்லை.

இதைவிட எரிச்சலூட்டுபவை குழுக்கள். குழுவின் மெம்பர் பண்பில் உறுப்பினரின் முழு டிஎன்னும் அப்படியே எழுதப்பட்டிருப்பதால், பெயரை மாற்றிய கணமே அந்த வரி இல்லாத ஒருவரைச் சுட்டத் தொடங்குகிறது. குழு வழியாகக் கிடைத்த அனுமதிகள் அனைத்தும் பறிபோகின்றன. இத்தகைய சுட்டல்களைக் கவனித்துக்கொள்ளும் ரெஃப்இன்ட் ஓவர்லே என்ற கூடுதல் வசதியை முன்கூட்டியே அமைத்திருந்தால் சர்வரே அதைச் சரிசெய்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால், அதை அமைக்காத சர்வர்கள்தான் என் தலையில் வந்து விழுகின்றன. போதாக்குறைக்கு, பெயரின் ஒரு துண்டை மாற்றுவதற்கு டிஎன் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும், அப்படி ஒரு பதிவே இல்லை என்று 32ஆம் எண் பிழை கையை விரிக்கிறது.