ஓட்டைக் காலணாவும் என் வாய்க்கொழுப்பும்

முந்தாநாள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இட்லிக்கடை அக்கா ஒரு பழைய காசின் படத்தையும், அது லட்சக்கணக்கில் போகும் என்கிற ஒரு வீடியோவையும் போட்டிருந்தார். அதற்குக் கீழே "இது முப்பது ரூபாய் போகும்க்கா, ஆள் அமைந்தால் நாற்பது" என்று ஒரே வரி எழுதினேன். அவ்வளவுதான். பொறாமைக்காரன், மேதாவி, ஏழை வீட்டில் விளக்கு எரிந்தால் வயிறு எரிகிறவன், எல்லாப் பட்டமும் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒருத்தர், "அண்ணே, முப்பது ரூபாய்க்கு நீங்களே அமுக்கிடலாம்னு பாக்குறீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதினோரு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். எண்ணினேன். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

சரி, காசைப் பற்றிப் பேசுவோம்.

அது ஓட்டைக் காலணா. 1943இலிருந்து 1947 வரை அடித்தது. ரூபாய்க்கு 64. உலகப்போர் நேரம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை போட்டு மிச்சம் பிடித்தார்கள். ராஜா தலை கிடையாது, மேலே ஒரு கிரீடம் மட்டும். சில்லறை கிடைக்காமல் நாடே தவித்ததால் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள், போல்ட்டுக்கு வாஷராகப் போட்டார்கள். வாஷராகப் போட்டும் தீராத காசு அது. அந்த வீடியோவில் பின்னணி இசையோடு "உலகிலேயே மூன்றுதான் உள்ளது" என்று ஒருவர் சொல்கிறார். எங்கள் ஆயா வைத்திருந்த டப்பாவிலேயே நூற்றுச் சொச்சம் இருந்தது.

பழசு என்பது விலை இல்லை. குரூப்பில் இதை நாலு தரம் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன். எண்பது வருசம் ஆகிவிட்டது என்பதற்காக ஒரு காசுக்கு எண்பதாயிரம் வந்துவிடாது. அதேமாதிரி எத்தனை மிச்சம் இருக்கிறது, தேடுகிறவன் எத்தனை பேர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இந்த மூன்றையும் பார்க்காமல் விலை சொல்ல முடியாது. புதுப்பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கப்புறம் வந்த காசென்றால் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் மாதிரி குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே வருடம், ஒரே காசு, ஒரு ஊரில் அடித்தது நிறைய இருக்கும், இன்னொரு ஊரில் அடித்தது தேடவைக்கும். இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் முப்பது என்றேன். வயிற்றெரிச்சலில் சொன்னதில்லை.

ஆயா டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. ஆயா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்தவர். அவர் போனதற்கு அப்புறம் பரணில் ஒரு ஓவல்டின் டப்பா கிடைத்தது, முழுக்கக் காலணா. 1991, நான் பிளஸ் டூ. பழைய சாமான் விற்ற மூர் மார்க்கெட் எரிந்து ஆறு வருசம் ஆகியிருந்தது, கடைகள் அல்லிக்குளம் பக்கம் வந்திருந்தன. எடுத்துப் போவதற்கு முன்னால் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். ஒரு உருண்டை புளி, கொஞ்சம் உப்பு, ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தெருவில் எல்லோருக்கும் காட்டினேன்.

கடைக்காரப் பெரியவர் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தார். "யாருப்பா இதையெல்லாம் குளிப்பாட்டினது?" என்றார். நான் பெருமையாக "நான்தான்" என்றேன்.

வெண்கலத்தின் மேல் ஐம்பது வருசமாகப் படிந்த பழுப்புதான் அதன் தோல், அதை உரித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று பொறுமையாகச் சொன்னார். மொத்தத்தையும் தராசில் கொட்டினார். எடைக்கு எடை, பாத்திரக்கடை விலை. டப்பாவின் அடியில் துருவோடு ஒட்டிக்கொண்டு, என் புளிக்குத் தப்பித்த ஒரே ஒரு காசை நகத்தால் நெம்பி எடுத்து அதற்கு மட்டும் தனியாக ஐந்து ரூபாய் தருவதாகச் சொன்னார். அதை நான் கொடுக்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அக்கா போட்ட படத்திலும் காசு பளபளவென்று இருந்தது. பார்த்ததும் எனக்குப் புளி வாசனையே வந்துவிட்டது.

இப்போது கேட்பீர்கள், "ஆன்லைனில் மூன்று லட்சம் என்று போட்டிருக்கிறதே?" என்று. போடலாம். என் பழைய டிபன் பாக்ஸுக்கு நானும் பத்து லட்சம் போடலாம். காசிமேட்டுக்காரர்களுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? விடிகாலை ஏலத்தில் வஞ்சிரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கூவு. கடைசியில் எவன் பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினானோ, அவன் கொடுத்ததுதான் விலை. மீனுக்குத் தெரிகிற இந்த நியாயம் காசுக்கு வந்ததும் எங்கே போகிறது?

"ஒரு ரூபாய்க் காசு லட்சத்துக்குப் போயிருக்கிறதே?" போயிருக்கிறது. 1939ஆம் வருட வெள்ளி ரூபாய் நிஜமாகவே அபூர்வம். அதைத் தேடி ஆள் அலைகிறான். அதற்கும் காலணாவுக்கும் என்ன சம்பந்தம்? பழசு என்பது விலை இல்லை. ஆறாவது தரம்.

"நீ என்ன டீலரா?" இல்லை. போங்கள்.

"ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு எங்கள் மாமா வீட்டில் இருக்கிறது, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும்" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அரிசி இழுக்கிறது என்று சொல்லி எத்தனை குடும்பத்தை இழுத்துத் தெருவில் விட்டார்கள் என்று நாளிதழில் படிக்காதவரா நீங்கள்?

கம்பெனி நாணயச்சாலை இருந்த தெருவுக்கு இன்னும் தங்கசாலை என்றுதான் பெயர். மிண்ட் பஸ் ஸ்டாண்டில் தினமும் இறங்கி ஏறுகிறோம். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு காசைப் புரட்டிப் பார்க்கத் தெரியாமல் ஏமாறுகிறோமே என்பதுதான் என் ஆத்திரம். ரிசர்வ் வங்கி கணக்கில் எட்டணா, அதாவது ஐம்பது பைசா, இன்றைக்கும் செல்லும், 2011 ஜூன் 30ஆம் தேதியோடு போனது நாலணாவும் அதற்குக் கீழேயும்தான். தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒரு எட்டணாவை நீட்டிப் பாருங்கள். செல்லுகிற காசுக்கே இந்த மரியாதை.

கடைசியாக, "ஏழைகளின் நம்பிக்கையைக் கெடுக்காதே." இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் அந்த வரியை எழுதும்போது அக்கா ஏற்கெனவே இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் அனுப்பியிருந்தார், 'பதிவுக் கட்டணம்' என்று. அனுப்பச் சொன்னவன் ரிசர்வ் வங்கி சின்னம் போட்ட கடிதத்தைக் காட்டியிருக்கிறான். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது, பழைய காசு வாங்கி விற்கிற வேலையில் நாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை என்று. அடுத்து 'வரி' என்று எட்டாயிரம் கேட்டிருக்கிறான். இட்லிக்கடை அக்காவுக்கு எட்டாயிரம் என்றால் என்னவென்று சிரிப்பு பொம்மை போட்ட பதினோரு பேருக்கும் தெரியும். தினமும் அங்கேதானே சாப்பிடுகிறீர்கள்? நம்பிக்கை கொடுத்தவன் பணம் வாங்கினான். கெடுத்தவன் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டுக் கொடுத்தான். நேற்று மதியம், என் போனில்தான். இது குரூப்பில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குள் என்னை நீக்கிவிட்டீர்கள்.

அக்கா போன் பேசி முடித்துவிட்டு, "அப்போ அந்த முப்பதாவது வருமா தம்பி?" என்று கேட்டார். புளி போட்டுத் தேய்த்தீங்களாக்கா என்று கேட்க வாய் வரவில்லை. வரும் என்றேன்.

நீக்கிய அட்மின் நண்பா, உன்னோடு இருபத்தைந்து வருசப் பழக்கம், அதைப் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை. உன் மகனின் பள்ளிக் கண்காட்சிக்கு என்று தீபாவளிக்கு முன்னால் வாங்கிப் போனாயே, என் பூதக்கண்ணாடி, அதை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.