ஜாயின் வரியை விழுங்குவதில்லை

அண்ணே, இரண்டு கோப்புகளைப் பொதுவான எண்ணைப் பார்த்து வரிக்கு வரி இணைக்கும் லினக்ஸ் கட்டளைதான் ஜாயின் (join). அதற்கு முன் கோப்பை வரிசைப்படுத்துவது சார்ட் (sort), அதில் மைனஸ் என் (-n) போட்டால் எண் மதிப்புப்படி அடுக்கும். "மைனஸ் என் போட்டு சார்ட் பண்ணினால் போதும், அப்புறமும் வரி காணோம்னா ஜாயினில்தான் கோளாறு" என்று மேலே சொன்னது தப்பு. ஜாயின் எண் மதிப்பைப் பார்க்காது, எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிடும். அதன் கணக்கில் 10க்குப் பிறகுதான் 9.

போன தைப்பூசத்துக்கு, பினாங்கில் எங்கள் தண்ணீர்ப்பந்தல் பட்டியலில் நானும் மாட்டினேன். பெயர்க் கோப்பில் 8, 9, 10, 11. கைப்பேசிக் கோப்பில் 9 மட்டும் இல்லை. 9ஐப் பிடித்துக்கொண்டு நின்ற ஜாயின், அந்தப் பக்கம் 10, 11 இரண்டையும் தாண்டிப் போய்விட்டது. வரிசை சரியில்லை என்று திரையில் எச்சரித்தும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை!

மைனஸ் என்-ஐ (-n) எடுத்துவிட்டு, இரண்டு கோப்பையும் மைனஸ் கே 1,1 (-k 1,1, அதாவது முதல் பத்தியை மட்டும் எழுத்து வரிசையில்) என்று சார்ட் பண்ணுங்கள். ஜோடி இல்லாத 9ஆம் வரியும் வேண்டுமென்றால் ஜாயினுக்கு மைனஸ் ஏ 1 (-a 1, இதில் 1 என்பது முதலில் கொடுக்கும் பெயர்க் கோப்பு).