எங்கள் ஊரில் இந்த வருஷம் கர்ணன் சாகவில்லை

ஊர்த் திருவிழாவில் கூத்தைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றி நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் கோபம் வரும், வரட்டும், எனக்கு வந்த கோபத்தில் பாதியாவது அவர்களுக்கும் வரட்டும்.

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே பாரதக் கதை தெருக்கூத்தாக, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், அதாவது மண்ணில் துரியோதனனைப் படுத்த உருவமாகச் செய்து பீமன் வந்து அவனை வீழ்த்தும் சடங்கு, சாயங்காலம் தீமிதி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊரில் பத்து இரவு கூத்து நடந்தது. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், திரௌபதி துகில், அர்ஜுனன் தபசு, கீசகன், தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். இந்த வருஷம் மூன்றே இரவு. துகில் ஒரு நாள், தபசு ஒரு நாள், அப்புறம் கர்ண மோட்சத்தையும் பதினெட்டாம் போரையும் ஒரே இரவில் திணித்துவிட்டார்கள். சரி, பணம் இல்லை என்றார்கள், நம்பினேன். கூத்தாடும் ஜமாவுக்கு ஓர் இரவுக்குக் கொடுப்பதற்கே விழாக் குழுவில் இழுபறி என்று அண்ணன் போனில் சொன்னபோது கூடப் பரவாயில்லை, மூன்று இரவாவது உருப்படியாக நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை. கர்ண மோட்சம் பார்க்கவேண்டும் என்று ஒரு மாதமாகப் பேசி வைத்திருந்தோம், கதை முழுக்கச் சொல்லியிருந்தேன். கம்பெனியில் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கி, காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, அந்த வெயிலில் போய்ச் சேர்ந்தோம். ஏழு மணிக்கே போய்ப் பாய் விரித்து இடம் பிடித்தாயிற்று.

ஏழரைக்கு மேடையில் சால்வை ஆரம்பித்தது. கூத்து ஆடும் களரிக்கு மேடையே தேவையில்லை, தரைதான் அழகு, அது வேறு கதை. முதலில் வந்தவருக்குச் சால்வை, அவரை அழைத்து வந்தவருக்குச் சால்வை, பந்தல் போட்டவருக்கு, தண்ணீர்ப் பந்தல் வைத்தவருக்கு, ஜெனரேட்டர் கொடுத்தவருக்கு. ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்து நம் பாரம்பரியக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார்கள். ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் அதையேதான் பேசினார்கள். பேசிவிட்டு ஆறு பேரும் கார் ஏறிப் போய்விட்டார்கள், ஒருவர்கூடக் கூத்துக்கு உட்காரவில்லை. அதற்கப்புறம் எட்டேமுக்காலுக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி. நோட்டீஸில் அது இல்லவே இல்லை! கடைசி நேரத்தில் இளைஞர்கள் கேட்டார்களாம், சேர்த்தார்களாம். கூத்துக்குப் பணம் இல்லை என்ற அதே குழுதான் அந்தப் பார்ட்டிக்கு முழுப் பணத்தையும் முன்பணமாக எண்ணிக் கொடுத்திருக்கிறது. இரண்டரை மணி நேரம். பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி, நெஞ்செலும்பு அதிர்கிற மாதிரி.

நான் பொறுக்கமாட்டாமல் எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே பார்த்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தென்னங்கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் கர்ணன் நின்றுகொண்டிருந்தார். எட்டு மணிக்குக் களரி என்று சொல்லித்தான் தேதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் ஐந்தரைக்கே அரிதாரம் போட உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் பூசிய சிவப்பு வியர்வையில் கழுத்துப் பக்கம் வழிந்து, அதை ஒரு பையன் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி மறுபடி பூசிக்கொண்டிருந்தான். புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டியாயிற்று. மரக்கட்டை அது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால்தான் சுற்றி ஆடும்போது நழுவாது, அந்தக் கயிறு தோளில் வரிவரியாகப் பதிந்து கிடந்தது. கட்டிவிட்டால் சாய்ந்து உட்கார முடியாது, படுக்க முடியாது, அவிழ்த்தால் மறுபடி கட்ட அரை மணி நேரம். கிரீடத்தை மட்டும் கழற்றி ஒரு டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "வாத்தியாரே, உட்காருங்களேன்" என்றேன். "உட்கார்ந்தா காலு மரத்துடும் தம்பி, இன்னும் எவ்ளோ நேரம்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி வேஷம் போட்டவர் புடவையும் சவுரியுமாகக் குந்தி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகவீணைக் குழல் ஊதுகிறவர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

நான் போய்க் குழுவில் ஒருவரிடம் கேட்டேன். எனக்கு மாமன் முறை வேண்டும் அவர். "இரு மாப்ளே, இன்னும் ரெண்டு பாட்டுதான்" என்றார். ரெண்டு பாட்டு பத்துப் பாட்டு ஆனது.

பதினொன்று இருபதுக்குக் களரி ஆரம்பம். பத்து நிமிஷம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், அப்புறம் திரை பிடித்து, திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் குரல் எழும்பியது பாருங்கள், மூன்று மணி நேரம் நின்ற மனிதரின் குரலா அது! தூங்கி விழுந்துகொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை விலகி அவர் கிறுகிறுவென்று சுற்றி வந்ததில் முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. சற்று முன்வரைக்கும் அங்கே ஆட்டம் போட்ட பையன்களே பாதிப் பேர் நின்று பார்த்தார்கள், இதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஆகவே இளைஞர்களுக்குக் கூத்து பிடிக்காது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். போருக்குப் போகும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான், அவள் நீ என்ன குலம், யார் பெற்ற பிள்ளை என்று அவனை ஒதுக்கித் தள்ளுகிறாள். அந்தத் தர்க்கம்தான் இந்தக் கூத்துக்கே உயிர். நடுவில் கட்டியங்காரன் இருவருக்கும் தூது போய்ச் சிரிக்க வைப்பான், சிரித்த வாய் மூடுவதற்குள் அழ வைப்பார்கள். அது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், போகவேண்டும்.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு போலீஸ் பைக் வந்து நின்றது. அனுமதி பன்னிரண்டு வரைக்கும்தானாம். குழுவிலிருந்து ஒருவர் நேராகக் களரிக்குள் நடந்து வந்து, பாடிக்கொண்டிருந்த கர்ணன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, "போதும், முடிச்சுக்கங்க" என்றார். செருப்புக் காலோடு. பின்பாட்டு நின்றது, மத்தளம் நின்றது. சவுண்ட் சர்வீஸ் பையன் வயரைப் பிடுங்கினான். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, மங்களம் பாடிவிட்டு உள்ளே போய்விட்டார். குந்தி வரவில்லை. கிருஷ்ணன் பிராமண வேஷத்தில் வந்து தர்மத்தை யாசகம் கேட்கவில்லை. கர்ணன் சாகவில்லை. பதினெட்டாம் போர் தொடங்கவே இல்லை.

"அப்பா, அவ்ளோதானா?" என்று கேட்ட பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

இப்போது சட்டம் பேசுகிறவர்களுக்கு. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல். நல்ல விதி. நோயாளி இருக்கும் வீடு, படிக்கிற பிள்ளை இருக்கும் வீடு, எல்லோருக்கும் வேண்டிய விதி. ஆனால் அது கட்டுப்படுத்துவது சத்தத்தை. கூத்து மைக் வருவதற்கு முன்பே பிறந்த கலை ஐயா! வயல்வெளியின் அந்த மூலைக்குக் கேட்கவேண்டும் என்றுதான் தொண்டையை அப்படிப் பழக்குகிறார்கள், பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பிப் பாடுவது எதற்கு, முகவீணையின் அந்தக் கூர்மை எதற்கு? ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு விடிய விடிய ஆடிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே ஸ்டேஷனில் எழுதிக் கேட்க ஒருத்தருக்காவது தோன்றியதா? சத்தம் போட்டதெல்லாம் ஆடல் பாடல், நேரத்தைத் தின்றதும் அது, நள்ளிரவில் வாயை மூடச் சொல்லப்பட்டது மட்டும் கூத்து. இது எந்த ஊர் நியாயம்?

கூத்து ஏன் விடிய விடிய நடக்கிறது என்பதையாவது யோசித்தார்களா? அறுப்பு முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்கள் இவை, பகலில் மனிதன் வெளியே நிற்க முடியாது, ராத்திரிதான் காற்று. எங்கள் ஊரில் படுகளமும் அறுத்த கழனியில்தான். இரவுக் கூத்தின் முடிவும் விடியலின் படுகளமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. விடியும் வரை ஆடிய பீமனும் துரியோதனனும் அதே வேஷத்தோடு, சுற்றிலும் சனம் ஓட, அந்த மண் உருவம் படுத்திருக்கும் இடத்துக்கு வருவார்கள். தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தல் முடிவாள். இதை இரவு பன்னிரண்டு மணியோடு வெட்டினால் காலையில் நடப்பது வெறும் போட்டோ எடுக்கும் நிகழ்ச்சி. அப்படியேதான் ஆனது. ராத்திரி பாதியில் அனுப்பப்பட்ட ஜமாவில் இரண்டே பேர் காலையில் வந்து சடங்குக்கு நின்றார்கள். எங்கள் தெருவில் எழுபத்தைந்து வயது ஆயா ஒருத்தி, வருஷம் தவறாமல் படுகளத்துக்கு வருகிறவள், அந்த மண் துரியோதனனைப் பார்த்துவிட்டுக் குழுக்காரர் முகத்துக்கு நேரே கேட்டாள்: "கர்ணன் சாவாம இவன் எப்டிடா விழுந்தான்?" ஒருவரும் பதில் சொல்லவில்லை.

காலம் மாறிவிட்டது என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் புரிசை இருக்கிறது. அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் பாரதத்தையும் ஆடினார்கள், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் எழுதிய கதையையும் கூத்தாக்கி ஆடினார்கள். எழுத்தாளர் ந. முத்துசாமி கூத்தைப் பார்த்துப் பித்துப் பிடித்துப் போய்த்தான் 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைக் கண்டார். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் ஆண்கள் மட்டுமே கட்டை கட்டி ஆடிவந்த கட்டைக்கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்று ஆடினார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வருஷக்கணக்கில் தங்கிப் படித்து ஆராய்ச்சி செய்கிறார்கள். நம் ஊர்க் குழு, சொந்தக் கோயில் வாசலில், சாமிக்கென்று ஆடுகிறவரை மூன்று மணி நேரம் கால் கடுக்க நிறுத்தி வைத்து நாற்பது நிமிஷம் ஆடச் சொல்கிறது.

ஆடல் பாடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், தீமிதிக்கு மறுநாள் தனியாக வையுங்கள், நானும் வந்து கைதட்டுகிறேன். கூத்து இரவைத் தொடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். அந்த ஜமா ஆட்களுக்கு இந்தச் சில மாதம்தான் களரி, மழை பிடித்தால் கூலி வேலைக்குத்தான் போகிறார்கள். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு வாத்தியார் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குழுவின் ஆள் ஒருவர் வந்து, "பாதிதானே ஆடுனீங்க" என்று சொல்லிப் பேசிய தொகையில் பிடித்துக்கொண்டு கொடுத்தார். பிடித்துக்கொண்டு! நான் பக்கத்திலேயே நின்றேன். கேட்டேன், சண்டை ஆனது, அண்ணன் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். பாக்கி இன்றைக்கு வரைக்கும் போகவில்லை என்று நேற்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் கூட்டம் போடுவார்கள், வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பங்கைக் கோயில் செலவுக்கும் கூத்துக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன், முடியாது என்றால் வெற்றிலை பாக்கோடு நேராக வாத்தியார் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பாக்கித் தொகை அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், மாமா, நீங்கள் வீட்டில் இருங்கள்.