ஓரத்தில் தொங்கும் நான்கு புள்ளி

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடி வீடு. டொரொன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெறாமகன் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு முனையில் சோக்கட்டியால் கோடுகள் இழுத்திருக்கிறான். கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேசையைச் சுற்றி வருகிறார். பற்றுச்சீட்டு இல்லாத செலவைப் பார்க்கிற பார்வை.

சித்தப்பா: இது என்ன, மேசையெல்லாம் ரவை?

பெறாமகன்: காய் வழுக்கிப் போவதற்கு. ஷஃபிள்போர்ட் என்ற காய் தள்ளும் ஆட்டத்தின் உண்மையான மேசையில் சிலிக்கோன் துகள் தூவுவார்கள். இங்கே சித்தியின் ரவை.

சித்தப்பா: சித்திக்குத் தெரியுமா?

பெறாமகன்: பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

சித்தப்பா: அப்படியென்றால் கெதியாகத் தொடங்கு.

பெறாமகன்: முழு அளவு மேசை 22 அடி நீளம், சித்தப்பா. நாங்கள் ஆறு அடியில் சமாளிக்கிறோம்.

சித்தப்பா: 22 அடியா! அதை வாங்கினால் நானும் சித்தியும் ஒழுங்கையில்தான் படுக்க வேண்டும். சரி, பார்.

(கரம்போர்ட் காய் ஒன்றைச் சுண்டுகிறார். அது மேசையைத் தாண்டிப் பறந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிகிறது.)

சித்தப்பா: விழுத்திவிட்டேன்! எத்தனை புள்ளி?

பெறாமகன்: ஒன்றுமில்லை. விழுந்த காய் போன காய். சுண்டவும் கூடாது, கையால் மெதுவாகத் தள்ளிவிட வேண்டும்.

சித்தப்பா: அறுபது வருடமாக விழுத்தினால்தான் புள்ளி என்று வாழ்ந்துவிட்டேன்.

பெறாமகன்: ஆளுக்கு நான்கு காய், மாறி மாறித் தள்ளுவோம். அந்த முதல் கோட்டைத் தாண்டாத காயை எடுத்துவிடுவோம். தாண்டிய கட்டத்துக்கு 1, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 3. விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு விழாமல் நின்றால் 4.

சித்தப்பா: விழுந்தால் பூச்சியம், விழப்பார்த்தால் நான்கு. காலி வீதி பஸ்ஸில் மிதிபலகையில் தொங்குகிறவனுக்குத்தான் முதற்பரிசு என்று சொல். கோட்டில் பட்டால்?

பெறாமகன்: குறைந்த புள்ளி. முழுக் காயும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

சித்தப்பா: அது நியாயம். சந்தேகத்தின் பலன் ஒருவனுக்கும் கொடுக்கக் கூடாது.

(ஆட்டம் நடக்கிறது. பெறாமகனின் மூன்று கறுப்புக் காய்களையும் சித்தப்பா இடித்துத் தரைக்கு அனுப்பிவிட்டார். இடிப்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடைசிக் கறுப்புக் காய் ஊர்ந்து ஊர்ந்து போய், பாதி உடம்பை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.)

சித்தப்பா: எனக்கு மூன்று, இரண்டு, இரண்டு. மொத்தம் ஏழு. உனக்கு நான்கு.

பெறாமகன்: உங்களுக்குப் பூச்சியம், சித்தப்பா.

சித்தப்பா: என்ன!

பெறாமகன்: ஒரு சுற்றில் ஒருவருக்குத்தான் புள்ளி. எவருடைய காய் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறதோ அவருக்கு. அவருடைய காய்களிலும் எதிராளியின் முன்காயைத் தாண்டி நிற்பவை மட்டுமே கணக்கில் வரும்.

சித்தப்பா: என் காய்கள் மூன்று ஒழுங்காக நிற்கின்றன. ஒன்று இடையில் புகுந்து முன்னால் நின்றதும் எல்லாம் அதற்கா? 2022இல் பெட்ரோல் வரிசையில் ஒருவன் இப்படித்தான் எனக்கு முன்னால் வந்து நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா?

பெறாமகன்: என்ன செய்தீர்கள்?

சித்தப்பா: அவனுக்குப் பின்னால் நின்றேன்.

பெறாமகன்: பென்சிலைத் தாருங்கள், நான்கை எழுதுகிறேன். முதலில் 15 எடுப்பவர் வெற்றி. அடுத்த சுற்றை நான் தொடங்க வேண்டும்.

சித்தப்பா: வென்றவனுக்கே முதல் வாய்ப்புமா?

பெறாமகன்: அது சலுகை இல்லை. கடைசிக் காய்தான் பலம். அது தோற்றவருக்குப் போகிறது.

(சித்தப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பென்சிலைக் காதில் செருகுகிறார்.)

சித்தப்பா: இந்த ஆட்டம் எந்த ஊரில் பிறந்தது?

பெறாமகன்: இங்கிலாந்தில் பழைய காலத்திலேயே ஆடியிருக்கிறார்கள். 1532இல் எட்டாம் ஹென்றி மன்னர் இதில் ஒரு பிரபுவிடம் 9 பவுண் தோற்றது அரண்மனைச் செலவுக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது.

சித்தப்பா: எந்தச் செலவுத் தலைப்பின் கீழ்?

பெறாமகன்: சித்தப்பா, பென்சில்.

சித்தப்பா: வென்ற பிரபுவுக்குத் தலை மிஞ்சியதா? அந்த மன்னர் மனைவிமாரையே விட்டுவைக்காதவர்.

பெறாமகன்: பென்சில்!

(தூரத்தில் ஒரு கூவல். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் நெருங்குகிறது. கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. மேசையில் ரவை துள்ளுகிறது. கறுப்புக் காய் ஒருமுறை தலையாட்டிவிட்டு 'டக்' என்று தரையில் விழுகிறது.)

சித்தப்பா: (எழுதிக்கொண்டே) வெள்ளைக்கு ஏழு.

பெறாமகன்: சுற்று முடிந்த பிறகு விழுந்தது செல்லாது!

சித்தப்பா: கையெழுத்து விழும் வரை எந்தக் கணக்கும் முடிவதில்லை, தம்பி.

பெறாமகன்: ரயில் வரும் என்று தெரிந்துதான் ஹென்றியை இழுத்தீர்களா?

சித்தப்பா: இந்த வீட்டில் முப்பது வருடமாக இருக்கிறேன். சரி, ஏழு எடுத்தவன் நான், நானே தொடங்குகிறேன். கடைசிக் காய் உனக்குத்தான். தாராளமாகத் தொங்கவிடு. மருதானைக்குப் போகிற ரயில் இன்னும் வரவில்லை.