முன்னாள் படைவீரருக்காக நிதி கேட்கிறோம், மாதக்கணக்கில் கேட்கிறோம்

தண்டுவடம் அடிபட்டு மார்புக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கும் ஒரு முன்னாள் ராணுவ வீரருக்காக, புளியரை, செங்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர் நிதி திரட்டத் தொடங்கியிருக்கிறோம். இப்படிப்பட்ட வேண்டுகோள்களில் வழக்கமாக ஒரு பெரிய தொகையைக் குறிப்பிட்டு, இத்தனை நாளுக்குள் சேர வேண்டும் என்று கெடு வைப்பார்கள். நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. மாதம் நூறோ இருநூறோ, குறைந்தது மூன்று ஆண்டுகள் விடாமல் தரக்கூடியவர்களைத் தேடுகிறோம். ஒரே தடவையில் பத்தாயிரம் ரூபாய் தர முன்வந்த சிலரிடம்கூட, அதை மாதங்களாகப் பிரித்துத் தர முடியுமா என்றுதான் கேட்டோம். ஏன் இந்தப் பிடிவாதம் என்று பலரும் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் விருப்பம். எங்களுக்கு அவர் அண்ணாச்சி. மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஊருக்கு வந்தபின் மகள்களின் படிப்புச் செலவுக்காகப் புனலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காவலாளி வேலைக்குப் போனார். கோட்டைவாசல் வழியாக மலையேறி இறங்கும் அந்தச் சாலையை நம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு விடியற்காலை, வேலை முடிந்து வரும்போது, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய அவருடைய பைக் வழுக்கி ஓடைக்குள் விழுந்தது. நான்காவது மார்பு முள்ளெலும்பு நொறுங்கியது. கைகளுக்கு வலு இருக்கிறது. மார்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

நாங்கள் கேட்கும்போது முதலில் வரும் பதில், 'மிலிட்டரிக்காரர்தானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?' என்பது. நியாயமான கேள்விதான், பதில் சற்று நீளமானது. பணியின்போது, பணியின் காரணமாக ஏற்பட்ட அல்லது பணியால் மோசமான ஊனத்துக்குத்தான் ராணுவத்தில் ஊன ஓய்வூதியம் உண்டு. ஓய்வு பெற்றபின் நேர்ந்த விபத்துக்கு அது கிடையாது. ஆகவே அண்ணாச்சிக்கு வருவது வழக்கமான பணி ஓய்வூதியம் மட்டுமே. 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில், இ.சி.எச்.எஸ். என்று எல்லோரும் சொல்வார்களே அதில், அவர் உறுப்பினர். திருவனந்தபுரத்தில் நடந்த அறுவை சிகிச்சை அந்த அட்டையில்தான் நடந்தது. அந்த வகையில் அரசு கைவிட்டுவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். பணி முடிந்தபின் ஊனமுற்றவர்கள் நடமாட்ட வண்டி வாங்குவதற்கென்று முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு ஓர் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அதற்கான மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்பியிருக்கிறோம். டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் போட்ட காசு இப்படிப்பட்ட உதவிகளுக்கும் போய்ச் சேருகிறது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் நிற்பவைதான் எங்கள் கவலை. மருத்துவமனைக்குள் நடப்பதற்கு அட்டை இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு, அதாவது தூக்கிவிட ஓர் ஆள், குளியலறை வாசல், வண்டி ஏறி இறங்கச் சாய்தளம், ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸோ வாடகைக் காரோ பிடித்துப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு, எந்தத் திட்டத்திலும் முழுமையான இடமில்லை. அந்த இடைவெளிக்கு மட்டும்தான் பொதுமக்களிடம் கை நீட்டுகிறோம்.

தண்டுவடப் பாதிப்பைப் பற்றிப் பலரும் நினைப்பது, அறுவை சிகிச்சையோடு ஆபத்து கடந்துவிட்டது, இனி ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது. உண்மை நேர்மாறானது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கென்று லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தனிப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய காலத்தில் இப்படி அடிபட்ட வீரர்கள் பெரும்பாலும் நெடுநாள் பிழைப்பதில்லை. அவர்கள் உயிரை எடுத்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குட்மன் செய்த முதல் காரியம் நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் செய்தது. அவர்களை எழுப்பி உட்கார வைத்து, பந்தும் வில்லும் கையில் கொடுத்து, 1948-இல் அவர் நடத்திய சிறிய போட்டியிலிருந்துதான் இன்றைய பாராலிம்பிக் பிறந்தது. பதக்கங்கள் பிற்பாடு வந்தவை. முதலில் வந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடும் கைகள்.

எங்கள் ஊரில் அந்தக் கைகள் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினியுடையவை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று கைபேசியில் அலாரம் வைத்து எழுந்து, அவரை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகத் திருப்பி, முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத ஒரு திட்டு தெரிந்தால் அது புண்ணின் தொடக்கம். உணர்ச்சி இல்லாத உடம்பில் வலி வந்து எச்சரிக்காது. கண்தான் எச்சரிக்க வேண்டும். பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சியே கால்மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, சற்று நேரம் அப்படியே தாங்கி, மெல்ல இறக்குகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சை நிறுத்தாமல் அதைச் செய்கிறார். சிறுநீர் தானாகக் கழியாததால் நாளைக்கு ஐந்து முறை கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் போட்டு எடுக்க வேண்டும். மாதத்துக்கு நூற்றைம்பது முறை. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியதைப் பணம் போதாமல் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு, அண்ணாச்சியும் அதில் அடங்குவார். சிறுநீர்ப்பை நிறைந்து வழியில்லாமல் நின்றால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, தலை பிளக்கும் வலியும் வியர்வையும் வரும். உடனே கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவுகூட நேரலாம். மதினி பத்தாம் வகுப்பு வரை படித்தவர். இவ்வளவையும் கற்றுக்கொண்டு, ஒரு செவிலியரைப் போல் நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு இரவாவது தடையில்லாத தூக்கம் கிடைக்க வேண்டுமானால், இரவில் வந்து தங்கும் ஓர் உதவியாளருக்குச் சம்பளம் வேண்டும். எங்கள் மாதக் கணக்கில் முதல் செலவு அதுதான்.

சக்கர நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்து நடந்த சில வாரங்களில், நல்ல மனம் கொண்ட ஓர் அமைப்பினர் மேடை போட்டு, மாலை அணிவித்து, மடக்கும் வகை நாற்காலி ஒன்றை வழங்கினார்கள். நோயாளியை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு ஆனது அது. இருக்கை அகலம், உட்காரும் ஆழம், கால்தாங்கியின் உயரம் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. தொட்டில்போலத் தொய்ந்த இருக்கையில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து அவருக்கு முதல் புண் வந்ததே அதில்தான். ஆளை அளந்து செய்யும் நாற்காலிகளும், அவற்றின் முன்னால் மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டும் மின்மோட்டார் இணைப்புகளும் இன்று நம் நாட்டிலேயே கிடைக்கின்றன, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃபிளை, நியோபோல்ட் அப்படிப்பட்டவை. கொடுக்க நினைப்பவர்கள் கொடுக்குமுன் ஆளை அளக்கச் சொல்லுங்கள். நாற்காலியைவிட அதன்மேல் போடும் அழுத்தம் குறைக்கும் மெத்தைதான் உயிர்காப்பது, அதுவும் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

வீட்டு வாசலில் ஒன்றேகால் அடி உயரத் திண்ணை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி; அப்படியானால் பதினைந்து அடி நீளம் வேண்டும், தெருவோ எட்டடி. வளைத்துத்தான் கட்டியாக வேண்டும். குளியலறைக் கதவின் அகலம் இரண்டடி, நாற்காலி நுழையாது. இப்போது அவரை இருவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எல்லைக் காவலில் நின்ற மனிதர், குளிப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்.

நமக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாகத்தான் அந்தப் பெயர். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி நம் வாசலிலேயே கிடைப்பதற்கு அவரே காரணம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் ஊர்ஊராகப் பரவி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. ஆரியங்காவில் உள்ள எங்கள் உறவினர் வீட்டுக்குப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ், அதாவது வலிநிவாரணப் பராமரிப்பு, செவிலியர் மாதந்தோறும் வந்து கதீட்டர் மாற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த வேலை தொடங்கிய காலத்தில் கடைக்காரர்களும் மாணவர்களும் சிறுசிறு தொகையை விடாமல் கொடுத்ததுதான் அதைத் தாங்கியது. தமிழ்நாட்டிலும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. அண்ணாச்சியின் பெயரும் அதில் பதிவாகியிருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்தபின்தான் ஒருமுறைக் கொடையை நம்பி இறங்குவதில்லை என்று தீர்மானித்தோம். செய்தி புதிதாக இருக்கும்போது வந்து குவியும் பணம், ஆறாம் மாதத்தில் முதுகில் புண் வரும்போது இருப்பதில்லை.

அவர் எங்களுக்கு விதித்த நிபந்தனை ஒன்று உண்டு. சீருடையில் இருக்கும் பழைய படத்தையும் கட்டிலில் கிடக்கும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பகிரக் கூடாது. 'தம்பி, அந்த உடுப்புக்குச் சம்பளம் வாங்கிட்டேன். அதைக் காட்டி இன்னொரு தடவ கேக்க மாட்டேன்' என்றார். அதனால் நன்கொடை குறையும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள், குறையட்டும். ஒரு மனிதரின் மானத்தை விற்றுத்தான் அவருக்கு மருந்து வாங்க முடியும் என்றால் அந்த நிதிக்கு நான் ஆளில்லை.

பணம் எப்படிக் கையாளப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு அண்ணாச்சி, மதினி இருவர் பெயரிலும் கூட்டாகத் தொடங்கப்பட்டிருக்கிறது. எங்களில் யாருடைய சொந்தக் கணக்குக்கும் ஒரு ரூபாய்கூட வராது. இணையத்தில் நிதி திரட்டும் சில தளங்களில் கொடுப்பவர் கவனிக்காமலேயே 'டிப்' என்று ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது என்பதால் அந்த வழிக்குப் போகவில்லை. இருநூறு பேர் மாதம் நூறு ரூபாய் வீதம் கொடுத்தால் இருபதாயிரம். உதவியாளர் சம்பளத்தில் ஒரு பகுதி, கதீட்டர், கையுறை, மருத்துவமனைப் பயணம் ஆகியவற்றை அதற்குள் அடக்கப் பார்க்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வரவு செலவை, ரசீதுகளின் படத்தோடு, கொடுத்தவர்கள் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். நல அலுவலகத்திலிருந்து வண்டி வந்துவிட்டால் அதற்கென்று ஒதுக்கிய தொகை மெத்தைக்கும் குளியலறைக்கும் மாற்றப்படும். அதையும் முன்கூட்டியே தெரிவிப்போம்.

கட்டட வேலை முதலில். வளைவுச் சாய்தளம் கட்டிப் பழகிய கொத்தனார், கதவை மூன்றடிக்கு அகலப்படுத்தித் தரக்கூடிய ஆசாரி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உட்பெட்டியில் எழுதுங்கள். கூலி கொடுக்கிறோம்; பொருளுக்கான பணம் கையில் இருக்கிறது. மழை பிடிப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.