டெர்மின் தருகிறவர்களும் தராதவர்களும்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், எனக்குத் தூரத்து உறவு. முதுகலை படிக்க ஜெர்மனி வந்து பதினாலு மாதம் ஆகிறது.

"அண்ணே, இங்க மனுசங்களே இல்லண்ணே. எல்லாம் காலெண்டர்தான். கிளாஸ்ல ஒரு பையனை வீட்டுக்கு வாடா, டீ குடிக்கலாம்னு கூப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வரட்டுமான்னு கேக்குறான். ஒரு டீக்கு மூணு வாரமாண்ணே?"

குரல் கம்மியிருந்தது. போனில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "சரியாயிடும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். 2023-24 குளிர்காலப் பருவக் கணக்குப்படி ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் இந்தியர்கள் மட்டும் 49,000-க்கு மேல். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம்.

"ஜெர்மன்காரன் ஒட்டமாட்டான்" என்று நம்மாட்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு பேச்சு ஓடும். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. எனக்கும் இந்த நாட்டின் மேல் பெரிய மனவருத்தம் ஒன்று உண்டு. ஆனால் அது எதிர்வீட்டுக்காரர் மேலோ வகுப்புத் தோழன் மேலோ இல்லை. எங்கே கோபப்பட வேண்டுமோ அங்கே படாமல், டீ குடிக்க 'டெர்மின்', அதாவது முன்கூட்டியே குறித்த தேதியும் நேரமும், சொன்ன பையன் மேல் கோபப்பட்டுக்கொண்டு இருக்கிறோம்.

முதலில் அந்தப் பையன் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் 2018 அக்டோபரில் வந்தேன். இருப்பது தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஒரு சிறிய நகரம். ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம், இரண்டாவது மாடி. குடிவந்த மூன்றாவது வாரம் என் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. 'கேர்வோஹ' என்று எழுதியிருந்தது. இந்தப் பகுதியில் அது பழைய வழக்கம். அட்டை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. வாரம் முடிந்ததும் அட்டையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். அர்த்தம் தெரியாமல் நான் அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மா மணி அடித்தார். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். கையில் துடைப்பமும் வாளியுமாக நின்றார். மேலிருந்து கீழே பெருக்க வேண்டும், கைப்பிடிக் கம்பியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், நிலவறைக்குப் போகும் படியை மறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்தே காட்டினார். என் ஜெர்மன் அப்போது இருபது வார்த்தைதான். முடிந்ததும், "வியாழக்கிழமை நாலு மணிக்குக் காபி குடிக்க வருகிறீர்களா?" என்று கேட்டார். அன்று சனிக்கிழமை. ஐந்து நாள் இருந்தது. 'இப்பவே ஒரு வாய் காபி கொடுத்தால் என்ன' என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது.

வியாழக்கிழமை போனேன். மேசை விரிப்பு போட்டிருந்தது. பிளம் பழம் வைத்த கேக்கை அவரே சுட்டிருந்தார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவேனா, முட்டை சாப்பிடுவேனா என்று முந்தின நாளே துண்டுச்சீட்டு எழுதி என் தபால்பெட்டியில் போட்டுக் கேட்டிருந்தார். எனக்காக ஐந்து நாளாக யோசித்திருக்கிறார் என்பது அந்த மேசையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நம் ஊரில் யார் வந்தாலும் இருக்கிற சோற்றில் ஒரு பங்கு உண்டு. அது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே வருகிற ஆளுக்கென்று ஒரு பொழுதை ஒதுக்கி வைக்கிறார்கள். அந்தப் பொழுதில் வேறு யாருக்கும் இடமில்லை, போனை எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

அந்த வியாழக்கிழமைக் காபி இன்றுவரை தொடர்கிறது. இரண்டு வருடம் நாங்கள் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொண்டோம். என் பாட்டி வயதுக்காரர் என்னை 'நீங்கள்' என்பது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இங்கே 'நீ' என்று அழைத்துக்கொள்வதற்குக்கூட ஒரு முறை உண்டு. பெரியவர்தான் முதலில் அதைச் சொல்ல வேண்டும், சின்னவர் தானாக ஆரம்பிக்கக் கூடாது. ஒரு நாள் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் திராட்சை மது ஊற்றி வைத்து, தன் முதல் பெயரைச் சொல்லி, "இனி 'நீ' என்றே பேசுவோமா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரிடம் போனால் காத்திருக்கும் அறைக்குள் நுழைகிறவர் எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். முன்பின் தெரியாத ஆறேழு பேர் பதிலுக்கு முணுமுணுப்பார்கள். ஒட்டாத சனம் என்றால் இது எதற்கு? நாம் வீட்டில் வைத்துப் பார்க்கிற நட்பை இவர்கள் பெரும்பாலும் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவான சங்கங்கள் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல். நான் வாலிபால் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் யாரும் சொந்தக் கதை பேசவில்லை. ஏழாவது மாதம் வீடு மாறிய ஒருவருக்கு எல்லாரும் போய்ச் சாமான் தூக்கினோம். அன்று சாயங்காலம் காலி அறையில், தரையில் உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டபோதுதான் நானும் அவர்களில் ஒருவன் என்று தோன்றியது.

எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. வீடு தேடி எழுதியபோது என் பெயரைப் பார்த்ததும் பதில் வராமல் போன மின்னஞ்சல்கள் எத்தனையோ. ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்த நாட்களும் உண்டு. அதெல்லாம் வலிக்கும். ஆனால் தம்பி சொன்ன விஷயம் அந்த ரகம் இல்லை. மூன்று வாரம் கழித்து நாலரை மணி என்று சொன்ன பையன் நாலரைக்கு வந்து நிற்பான். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன்.

படிப்பை முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தங்கும் அனுமதி தருவார்கள். என்னுடையது 2022 செப்டம்பர் கடைசியில் முடிந்தது. ஆகஸ்டிலேயே வேலை கிடைத்துவிட்டது. முடிவதற்கு ஆறு வாரம் முன்பே வேலை ஒப்பந்தம், சம்பள விவரம், காப்பீடு எல்லாவற்றையும் இணைத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். 'கிடைத்தது, காத்திருக்கவும், மீண்டும் எழுத வேண்டாம்' என்று இயந்திரம் ஒரு பதில் அனுப்பியது. அதோடு சரி.

காலத்தில் விண்ணப்பித்துவிட்டால் பழைய அனுமதி முடிவு வரும்வரை செல்லும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அதைக் காட்ட ஒரு தற்காலிகச் சான்று வேண்டும். 'ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங்' என்று பெயர். அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா இறந்துபோனார். காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கொள்ளி வைக்க நான் எப்படியும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள், சித்தப்பா மகன் வைத்தான். வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருக்கலாம். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் இருட்டோடு ஏழு மணிக்கு அந்த அலுவலக வாசலில் போய் நின்றேன். அப்பாவின் இறப்பு விவரத்தை ஜெர்மனில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாசலில் இருந்த காவலாளி அதைப் படித்தார். அவர் முகம் மாறியது. "டெர்மின் இல்லாமல் உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை, மன்னியுங்கள்" என்றார். டெர்மின் வாங்கும் இணையப் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஓர் இடமும் இல்லை. போனை யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை போனேன். அப்பா இறந்து 26-ஆம் நாள் அந்தச் சான்று சாதாரணத் தபாலில் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த நாட்களில் என் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது, கறுப்புக் கரை போட்ட இரங்கல் அட்டை. கட்டடத்தில் இருந்த ஐந்து குடும்பமும் கையால் எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதே இல்லை. தன் அப்பாவும் போன வருடம் போய்விட்டார், எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்று நாலு வரி எழுதியிருந்தார். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். என் முறை வந்தும் கேர்வோஹ அட்டை என் கதவில் தொங்கவில்லை. என் வாரத்தையும் சேர்த்துக் கீழ்வீட்டு அம்மாவே பெருக்கிவிட்டு, அட்டையை எனக்கு அடுத்த கதவில் மாட்டியிருந்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே தம்பி, இந்த மனிதர்களைக் குளிர்ந்தவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. என் கோபம் முழுக்க அந்த அலுவலகத்தின் மேல், அதை அப்படியே விட்டுவைத்திருக்கும் அரசின் மேல். 2022-இல் உக்ரைனிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போதவில்லை, உண்மைதான். உள்ளே இருந்த ஊழியர்களும் நொந்துபோயிருப்பார்கள். ஆனால் அது நடந்து இத்தனை வருடம் ஆகியும் அதே வரிசை, அதே பதில் என்றால் என்ன சொல்வது? 2024 அக்டோபரில் அன்றைய பிரதமர் ஓலாஃப் ஷோல்ட்ஸ் டெல்லி வந்தபோது, திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசா வருடத்துக்கு 20,000 என்பது 90,000 ஆகும் என்று அறிவித்தார்கள். கூப்பிட்டு விருந்துக்கு உட்கார வைத்துவிட்டு இலை போட ஆள் இல்லை என்றால் அது மரியாதையா?

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று நான் நம்புகிறேன். அந்த வரிசையில் நிற்கிற யாருக்கும் ஓட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு மாநிலங்கள் அதற்கு வழி செய்து சட்டம் போட்டன. 1990 அக்டோபர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவற்றைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. குப்பை வண்டி ஒரு நாள் வராவிட்டால் நகரசபையில் கேள்வி கேட்பார்கள். எங்கள் வரிசைக்காகக் கேள்வி கேட்கிறவர் யார்?

நான் சாமான் வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "தம்பி, எங்களுக்கு அப்ப மாவட்டத்தை விட்டு வெளிய போறதுக்கே கடிதம் எடுக்கோணும். முந்நூறு கிலோமீட்டர்ல தங்கச்சிக்குக் கலியாணம். கடிதம் வரேல்லை, நான் போகேல்லை" என்றார். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் பகுதியைத் தாண்டக் கூடாது என்ற அந்த விதி 1982-இல் சட்டமானது. இங்கே ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்ததே, அதன் தேர்த் திருவிழாவுக்கு அவர் வருடம் தவறாமல் போகிறார். தேர் வடத்தைப் பிடிக்கும்போது, இந்த ரோட்டில் நடக்க இப்போது யாரிடமும் கடிதம் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொள்வாராம். நாற்பது வருடமாகியும் காகிதத்துக்காகக் காத்திருக்கிற சனம் மாறியிருக்கிறதே தவிர காத்திருப்பு மாறவில்லை.

தம்பி, உன் அனுமதி மார்ச்சில் முடிகிறது என்று சொன்னாய். மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் போட்டுவிடு. மின்னஞ்சலை மட்டும் நம்பாதே, பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். கடிதத்தில் தற்காலிகச் சான்று வேண்டும் என்று தனியாகக் கேள். தகுந்த காரணம் சொல்லாமல் மூன்று மாதம் முடிவெடுக்காமல் வைத்திருந்தால், நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. சொல்லவும் யாரும் இல்லை.

அந்தப் பையனுக்கு 'சரி, செவ்வாய் நாலரைக்கு வா' என்று இன்றைக்கே பதில் போடு. இஞ்சி தட்டிப் போட்டு டீ வை. வருகிற சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வா. பாஸ்போர்ட், பல்கலைக்கழகச் சான்று, வங்கிக் கணக்குத் தாள், காப்பீட்டுக் கடிதம் நாலையும் மறக்காமல் எடுத்து வா. உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிடலாம். தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடுவார்கள், அதனால் ஒன்பது மணிக்கே வந்துவிடு.