வீடு காலி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் போன் செய்தார். "அக்கா, பொண்ணு படிப்பை முடிச்சிட்டு ஏதோ ஹவுசிங் டெஸ்டிங் வேலைக்குப் போறேன்னு நிக்கிறா. பொய் சொல்லிக்கிட்டுப் போய் வாடகைக்கு வீடு கேட்டு, ஆளை மாட்டிவிடுற வேலையாமே. நீங்களும் அதைச் செஞ்சிருக்கீங்கன்னு சொல்றா. கொஞ்சம் பேசிப் பாருங்க." நான் அவளைத் தடுப்பேன் என்று நினைத்திருக்கிறார். நான் தடுக்கப் போவதில்லை. ஏன் என்று போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1968 ஏப்ரல் 11 அன்று ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரம். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்றது சட்டம். 1974இல் பாலினமும், 1988இல் உடல், மனக் குறைபாடும் வீட்டில் குழந்தைகள் இருப்பதும் சேர்ந்தன. சரி, சட்டம் வந்துவிட்டது. ஆனால் இன்று எந்த ஏஜென்ட் முகத்துக்கு நேராக "உனக்கு வீடு தர மாட்டேன்" என்கிறார்? "ஒண்ணும் காலி இல்லையே" என்பார், சிரித்துக்கொண்டே. வீடு தேடி வந்தவர் நம்பிப் போய்விடுவார். தனக்கு நடந்தது என்ன என்பதே அவருக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு பேரை, ஒரே அலுவலகத்துக்கு, சற்று இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். வேறுபாடு இருக்கக்கூடிய விஷயம் ஒன்றுதான், உதாரணமாகத் தோலின் நிறம். வருமானத்தில் சிறிது வித்தியாசம் வைப்பதென்றால், பாகுபாட்டுக்கு ஆளாகக்கூடியவருக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள், பிறகு யாரும் சாக்குச் சொல்ல முடியாதபடி. ஒரு டெஸ்டருக்கு இன்னொருவரைத் தெரியாது. போய் வந்ததும் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சியின்போது என் அறிக்கையில் "அன்பாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருந்தேன். பயிற்சி கொடுத்த அம்மா அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். "எழுந்து நின்றாரா, கை கொடுத்தாரா, சாவியை எடுத்தாரா? அதை எழுது. அன்பா இல்லையா என்று முடிவு செய்ய நீ அங்கே போகவில்லை." இருபது வருடம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாடகை அலுவலகம். கணவர், ஒரு குழந்தை, இரண்டு படுக்கையறை வீடு வேண்டும் என்பது எனக்குக் கொடுத்திருந்த விவரம். அந்தப் பெண் உட்காரச் சொன்னார், குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார். செப்டம்பர் வரை ஒன்றும் காலியில்லை என்றார். அப்புறம் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் வேறொரு குடியிருப்பின் போன் நம்பரை எழுதி நீட்டினார். "அங்கே நிறைய இந்தியக் குடும்பங்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு வசதியாக இருக்கும்." நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், மனசுக்கு இதமாக இருந்தது. காரில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில், ஒட்டுத்தாள், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு வருடம் கழித்து, அந்தக் குடியிருப்பின் மேல் போட்ட வழக்கில் வாக்குமூலம் கொடுக்கப் போனபோதுதான் மீதி தெரிந்தது. அதே நாள் மாலை அங்கே போன வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இரண்டு வீடுகளைத் திறந்து காட்டி, விண்ணப்பப் படிவமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குக் கொடுத்திருந்த விவரத்தில் வருமானம் என்னைவிடக் குறைவு.

இதில் பொய் சொன்னது யார்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டுக்கு அருகில், 1978 மார்ச் முதல் ஜூலை வரை, சில்வியா கோல்மன் என்ற கறுப்பினப் பெண் டெஸ்டராகப் போய் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் வீடு இல்லை என்றார்கள். அதே நாட்களில் கென்ட் வில்லிஸ் உள்ளிட்ட வெள்ளையரான டெஸ்டர்கள் கேட்டபோது வீடு இருந்தது. வீடுகளை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் வாதம் நம் நண்பர் சொன்ன மாதிரிதான்: இவருக்கு வீடே வேண்டாமே, இவருக்கு என்ன நஷ்டம்? 1982இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: காலியாக இருக்கும் வீட்டை இனம் காரணமாக "இல்லை" என்று எந்த நபரிடமும் சொல்லக் கூடாது என்கிறது சட்டம், ஆகவே உண்மையைக் கேட்டுப் பெறும் உரிமை கோல்மனுக்கும் உண்டு. வில்லிஸுக்கு டெஸ்டர் என்ற முறையில் வழக்குப் போட உரிமை இல்லை என்றார்கள், ஏனென்றால் அவரிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நியூஸ்டே பத்திரிகை நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் மூன்று வருடம் ரகசியக் கேமராவோடு டெஸ்டர்களை அனுப்பி, 2019 நவம்பரில் முடிவை வெளியிட்டது. கறுப்பினத்தவருக்கு 49 சதவீதம், ஹிஸ்பானிக் மக்களுக்கு 39 சதவீதம், ஆசியர்களுக்கு 19 சதவீதம் சோதனைகளில் வேறுபாடான நடத்தைக்கு ஆதாரம் கிடைத்தது.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸாப் குழுவில் "இரண்டு பெட்ரூம் வாடகைக்கு, இந்தியக் குடும்பத்துக்கு முன்னுரிமை" என்று போடுகிறோமே, அது சட்டவிரோதம். உரிமையாளர் தானும் குடியிருக்கும் நான்கு வீடு வரையுள்ள சிறு கட்டடங்களுக்குச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. சென்னையில் வீடு தேடிய காலத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எவ்வளவு வலித்தது என்று பலர் எழுதியிருக்கிறோம். அதே கேள்வியை நாகரிகமாக இங்கே நாம் கேட்கிறோம். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இந்த வேலையில் ஒருவர் எங்கே போய்ச் சேரலாம் என்பதையும் சொல்கிறேன். டெஸ்டிங் முழுநேரப் பிழைப்பு அல்ல. ஒரு சோதனைக்கு இவ்வளவு என்று சிறு தொகை கிடைக்கும், அவ்வளவுதான். முழுநேர வேலை என்றால் சோதனைகளைத் திட்டமிட்டு, ஆட்களை ஜோடி சேர்த்து, அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் வேலை. அதிலிருந்து விசாரணை, சட்டம் என்று போகலாம். நான் சப்போர்ட்டிவ் ஹவுசிங் பக்கம் வந்தேன். நீண்ட காலம் தெருவிலும் ஷெல்டர் என்ற தற்காலிகக் காப்பகத்திலும் இருந்தவர்களுக்கு நிரந்தரமான வீடு, கூடவே மருத்துவம், மனநலம், கவுன்சலிங் ஆகிய உதவிகள். வாடகையாகத் தங்கள் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கொடுப்பார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய திட்டம், குடியை விடு, மாத்திரை சாப்பிடு, பிறகு வீடு என்ற வரிசையைத் திருப்பிப் போட்டது. முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இரவு எங்கே படுப்பது என்று தெரியாதவரிடம் சிகிச்சையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும்.

நான் பார்த்துக்கொண்ட ஒருவர், அறுபதைத் தாண்டியவர், வீடு கிடைத்ததும் முதலில் வாங்கியது ஒரு பூட்டு. சங்கிலி போட்டு ஃபிரிட்ஜைப் பூட்டி வைத்திருந்தார். ஷெல்டரில் அவர் சாப்பாடு எத்தனை முறை திருட்டுப் போயிருக்கும்! நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை போவேன், ஃபார்ம் நிரப்புவோம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பார்ப்போம். நான்காவது மாதம் போனபோது சங்கிலி ஜன்னலோரம் கிடந்தது. வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

ஆனால் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு! கையில் வாடகை வவுச்சர் இருந்தது, அதாவது வாடகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும் என்ற சீட்டு. அதற்குள் வீடு பிடிக்க வேண்டிய கெடு ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்த இடமெல்லாம் "நாங்கள் புரோகிராம் எடுப்பதில்லை", அதாவது வவுச்சர் வேண்டாம் என்றார்கள். நியூயார்க் நகரில் 2008 முதலே வவுச்சரைக் காரணம் காட்டி மறுப்பது சட்டவிரோதம். கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இன்றும் இல்லை. ஒவ்வொரு மறுப்பையும் நாள், நேரம், சொன்ன வார்த்தை என்று குறித்து வைத்தேன். டெஸ்டராக இருந்ததால் வந்த பழக்கம். என்னோடு வேலை பார்த்த பல கேஸ் மேனேஜர்களுக்கு, என்னைப் போல வீடில்லாதவர்களுக்கு உதவுகிறவர்களுக்கு, அப்படிக் குறித்து வைக்க யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அந்தப் புகார்கள் அப்படியே காற்றில் போயின. இரண்டு பக்கத்து வேலையும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சம்பளம் குறைவு. ஒருவர் கையில் இத்தனை குடும்பங்கள் என்று ஏறிக்கொண்டே போகும், நல்லவர்கள் களைத்துப்போய் விலகுவார்கள். 2025இல் நிலைமை இன்னும் மோசம். ஃபேர் ஹவுசிங் அமைப்புகள் பலவற்றின் மானியத்தை மத்திய அரசு பிப்ரவரியில் ரத்து செய்தது. ஜூலையில் "முதலில் வீடு" கொள்கைக்கான ஆதரவை நிறுத்தச் சொல்லி அதிபரின் உத்தரவு வந்தது. அதற்கு முந்தைய வருடம், 2024 ஜனவரியில், ஒரே இரவில் எண்ணியபோது வீடில்லாமல் இருந்தவர்கள் 7,71,480 பேர். இந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் இந்த வேலைக்கு வருகிறேன் என்கிறாள், நான் எப்படி வேண்டாம் என்பேன்?

அவளிடம் பேசிவிட்டேன். வீட்டு வாடகைக்கு மட்டும் முதல் இரண்டு வருடம் அப்பா கொஞ்சம் கை கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். தம்பி, அதை நீங்கள் செய்ய வேண்டும்.